அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று: எந்த இம்பிளாண்ட் என்பது எவ்வளவு முக்கியம்?

ஈசூன்மலர் | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 74. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, இப்போது வீட்டுக்குள் நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) அனுப்பி, அரசாங்க மருத்துவமனையில் எலும்பு மருத்துவரும் பார்த்துவிட்டார். மூட்டு மாற்றுதான் வழி என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் எல்லாம் இம்பிளாண்டில், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டில். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டைச் சிமெண்ட் (எலும்புக்குள் இறுகிப் பிடிக்கும் ஒருவகைப் பிசின்) வைத்துப் பொருத்துவேன், இடுப்புக் குழியில் உட்காரும் கோப்பைக்குச் சிமெண்ட் வேண்டாம், தண்டின் தலையில் வரும் உருண்டை 32 மி.மீ. என்று மருத்துவர் சொன்னார். அம்மாவுக்கு எலும்பு மெலிவு உண்டு, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் மாமா இதே அறுவை சிகிச்சையைத் தனியாரிடம் செய்துகொண்டவர், 58 வயது. அவருக்கு எதிலுமே சிமெண்ட் இல்லை, உருண்டை செராமிக். "சிமெண்ட் எல்லாம் பழைய காலத்து முறை. பி2 மானிய வார்டு என்பதால் மலிவானதைப் போடப் பார்க்கிறார்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து அம்மா தூங்கவில்லை.

இம்பிளாண்டின் வடிவமைப்பால் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_தாதி | ஞாயிறு, இரவு 10:05

மலர், முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். அறுவைக் கூடத்தில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். உங்கள் மருத்துவர் சொன்னது மலிவான வழி இல்லை. அம்மாவின் எலும்பைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

சிமெண்ட் இல்லாத தண்டைத் தொடை எலும்பின் உட்குழிக்குள் இறுக்கமாகத் தட்டித்தான் இறக்க வேண்டும். அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். பலவற்றில் ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் இருக்கும் தாது) பூச்சும் இருக்கும். சில மாதங்களில் எலும்பு அதன்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். மாமாவின் வயதில், எலும்பு கெட்டியாக இருந்தால், இது அருமையான முறை. ஆனால் 74 வயதில், மெலிந்த எலும்பில் தட்டும்போது விரிசல் விழலாம். அப்போது விழாவிட்டாலும், பின்னால் குளியலறையில் ஒருமுறை வழுக்கினால் தண்டைச் சுற்றி எலும்பு உடையலாம். அந்த முறிவைச் சரிசெய்வது முதல் அறுவை சிகிச்சையைவிடக் கடினம்.

இதை வெறும் அனுபவத்தை வைத்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இடுப்பு மூட்டுப் பகுதியில் எலும்பு முறிந்த, 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சிமெண்ட் வைத்தும் மற்றவர்களுக்குச் சிமெண்ட் இல்லாத நவீன வகையிலும் பாதி மூட்டு (தொடைப் பக்கத்தை மட்டும்) மாற்றினார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது. சிமெண்ட் குழுவினரின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது, தண்டைச் சுற்றிய எலும்பு முறிவும் குறைவு. அது முறிவு நோயாளிகளுக்குச் செய்த ஆய்வு, உங்கள் அம்மாவுக்குத் தேய்மானம். ஆனாலும் மெலிந்த எலும்பு இரண்டு இடத்திலும் மெலிந்த எலும்புதான்.

சிமெண்டுக்கும் ஒரு ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. அதை அழுத்தி இறக்கும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். அந்தச் சில நிமிடங்கள் மயக்க மருத்துவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அம்மாவுக்கு இதய, நுரையீரல் பிரச்சினை இருந்தால் முன்பரிசோதனையில் கட்டாயம் சொல்லுங்கள்.

கதிர்_உலோகவியல் | திங்கள், காலை 7:48

அக்கா சொன்னது சரி. நான் மருத்துவத் துறை இல்லை, உலோகத் தேய்மானம் என் வேலை. ஆனால் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இந்த வரலாற்றை விடாமல் படித்தேன். "பழைய காலத்து முறை" என்ற பேச்சுக்குப் பதில் அதில் இருக்கிறது.

இன்றைய இடுப்பு மாற்றுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்த ஜான் சார்ன்லி. அவர் முதலில் கோப்பைக்கு டெஃப்லான் போட்டார். வழவழப்பில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் சில வருடங்களிலேயே தேய்ந்து, உதிர்ந்த தூள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தது. அந்தத் தூள் உடம்பை என்ன செய்யும் என்று பார்க்கத் தன் தொடைக்குள்ளேயே டெஃப்லானைச் செலுத்திக்கொண்டார் அந்த மனிதர். பிறகு 1962-ல் மூலக்கூறு எடை மிகுந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். உருண்டையை வேண்டுமென்றே சிறிதாக, 22 மி.மீ. அளவில் வைத்தார். உருண்டை சிறிதானால் கோப்பையைத் திருகும் விசை குறையும், உதிரும் தூளும் குறையும்.

தூள்தான் இந்தக் கதையின் வில்லன். பாலிஎத்திலீனிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் தவிக்கின்றன. அவை விடும் சமிக்ஞைகளால் எலும்பைக் கரைக்கும் அணுக்கள் தூண்டப்படுகின்றன. இம்பிளாண்ட் உடையாமல் அப்படியே இருக்க, அதைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துபோகிறது. ரொம்ப நாள் இதைச் சிமெண்டின் குற்றம் என்று நினைத்து "சிமெண்ட் நோய்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். சிமெண்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே கரைப்பு தெரிந்த பிறகுதான் உண்மை புரிந்தது. மாமா போன்றவர்களின் மனதில் சிமெண்டுக்குக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1990-களின் கடைசியில் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்தது. தேய்மானம் பல மடங்கு குறைந்தது. என்னைக் கேட்டால், கடந்த 30 வருடத்தில் நோயாளிக்கு அதிக நன்மை செய்த ஒரே மாற்றம் இதுதான். மலர், மருத்துவரிடம் கோப்பைக்குள் வரும் லைனர் (உள் உறை) இந்த வகையா என்று மட்டும் கேளுங்கள். அது இருந்தால் உருண்டை உலோகமா செராமிக்கா என்பது 74 வயதில் இரண்டாம் பட்சம்.

எக்ஸிடர் தண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் ராபின் லிங் என்ற மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியது. சிமெண்டுக்குள் இறங்கும், கண்ணாடி போல் மெருகேற்றிய கூம்புத் தண்டு. 1976-ல் அந்த மெருகை மாற்றி மங்கலான பரப்பாக்கினார்கள். வடிவம் கிட்டத்தட்ட அதேதான், முக்கிய மாற்றம் மேற்பரப்பில். அதனால் கெடுதல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் தண்டுகள் தளர ஆரம்பித்தன. 1986-ல் மறுபடி மெருகுக்கே திரும்பினார்கள். காரணம் இதுதான்: மெருகேறிய கூம்பு சிமெண்டுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கி, மண்வெட்டிக் காம்பில் அடித்த ஆப்பு போல இறுகிக்கொள்கிறது. சொரசொரப்பான பரப்போ அசையும்போதெல்லாம் சிமெண்டை அரைத்துத் தூளாக்குகிறது. அந்த மெருகேறிய வகை இன்றும் உலகெங்கும் போடப்படுகிறது. பழையது என்பதுதான் அதன் பலம்.

ஜூரோங்_பாண்டி | திங்கள், மதியம் 1:20

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? என் தம்பிக்கும் செய்தோம், நல்லபடியாக நடக்கிறான். எந்தக் கம்பெனி என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எல்லாம் மருத்துவரின் கையில்தான் இருக்கிறது. நல்ல கை போட்டால் எந்த மூட்டும் நிற்கும், மோசமான கை போட்டால் தங்கத்தில் செய்தாலும் நிற்காது. மலர், நல்ல மருத்துவராகப் பாருங்கள், மற்றதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

கதிர்_உலோகவியல் | திங்கள், மாலை 6:55

பாண்டி அண்ணே, கை முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கையையும் வடிவமைப்பையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்.

ஏஎஸ்ஆர் என்று ஒரு உலோகத்தின்மேல் உலோக மூட்டு இருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் கிளை நிறுவனமான டிபியூ தயாரித்தது. உருண்டையும் கோபால்ட் குரோமியம், கோப்பையும் அதே. உலோகம் பாலிஎத்திலீன்போல் தேயாது, ஆகவே இளவயதினருக்கு ஏற்றது என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. சோதனைச் சாலை இயந்திரத்திலும் நன்றாகவே ஓடியது.

பிரச்சினை கோப்பையின் ஆழத்தில். ஏஎஸ்ஆர் கோப்பை அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது, உருண்டையை மூடும் பரப்பும் குறைவு. கோப்பையைச் சரியான சாய்வில் வைத்தால் சமாளித்தது. சற்றுச் செங்குத்தாகிவிட்டால் உடம்பின் எடை முழுக்க விளிம்பில் போய் விழும். விளிம்பில் எண்ணெய்ப்படலம் போன்ற திரவப் படலம் நிற்காது, உலோகம் நேரடியாக உலோகத்தில் உரசும். கோபால்ட், குரோமியம் அயனிகள் ரத்தத்தில் ஏறும், மூட்டைச் சுற்றிய சதை அழுகும்.

எல்லா அறுவை மருத்துவர்களும் கோப்பையை ஒவ்வொரு முறையும் ஒரே சாய்வில் வைக்க முடியாது. 40 டிகிரி குறி என்றால் பத்து டிகிரி அங்கே இங்கே போகும் என்று 1978 முதலே பரவலாக எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு எல்லை இருக்கிறது. அந்தப் பத்து டிகிரியைத் தாங்குகிற மூட்டு நல்ல வடிவமைப்பு. தாங்காதது, மிகத் தேர்ந்த கைக்கு மட்டுமே கட்டுப்படும். ஆயிரம் மருத்துவர்களின் கைக்குப் போகும் பொருள் அப்படி இருக்கக் கூடாது.

இதைக் கண்டுபிடித்தது ஒரு பதிவேடு. ஆஸ்திரேலியா 1999-லிருந்து தன் நாட்டில் போடப்படும் மூட்டுகளைப் பதிவு செய்து, எது எப்போது மீண்டும் திறக்கப்பட்டது என்று எண்ணி வருகிறது. ஏஎஸ்ஆர் அங்கே மற்றவற்றைவிட அதிகமாகத் திறக்கப்படுவது அந்தக் கணக்கில் தெரிந்தது. 2009 டிசம்பரில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறக்குறைய 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்து வருடத்துக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருந்தது. அதே காலத்தில் நல்ல மூட்டுகள் பத்து வருடத்தில் நூறில் ஐந்துக்கும் குறைவாகத் திறக்கப்பட்டன. அந்தந்த மருத்துவரின் கையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

சிராங்கூன்_பெரியவர் | திங்கள், இரவு 11:30

உலோகத்தின்மேல் உலோகம் போட்டுக்கொண்டவன் நான். கதிர் சொன்ன அதே மாடல் இல்லை. எந்த நிறுவனம், எங்கே போட்டேன் என்பது வேண்டாம். முதல் சில வருடம் அற்புதமாக இருந்தது, கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் தினமும் நடப்பேன். அப்புறம் தொடை இடுக்கில் ஒரு கனம், ஒரு இழுப்பு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. முதுகு வலி என்று சொல்லி அனுப்பினார்கள்.

ரத்தத்தில் கோபால்ட் அளவைப் பார்க்கச் சொன்னது வேறொரு மருத்துவர். இங்கிலாந்தில் நூறு கோடியில் 7 பங்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்ற எல்லை வைத்திருக்கிறார்கள், எனக்கு அதைவிட மிக அதிகம். உலோகத்தின் நிழலை நீக்கி எடுக்கும் எம்ஆர்ஐயில் மூட்டை ஒட்டிப் பெரிய திரவக் கட்டி தெரிந்தது. திறந்தபோது தசை நிறையக் கெட்டுப்போயிருந்தது. இப்போது செராமிக் உருண்டை, பாலிஎத்திலீன் லைனர். கோபால்ட் இறங்கிவிட்டது. போன தசை திரும்பவில்லை, இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறேன்.

மலர் அம்மா, இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் தாயாருக்கு அந்த வகை போடப்போவதில்லை. இங்கே படிக்கிற யாருக்காவது 2010-க்கு முன்னால் பெரிய உலோக உருண்டை போட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதற்காகத்தான் எழுதினேன்.

தெம்பனிஸ்_41 | செவ்வாய், காலை 8:15

ஐயா, படிக்கும்போதே மனது கனத்தது. நலமாக இருங்கள்.

எனக்கு வயது 41. ஸ்டீராய்டு மருந்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது அமிழ்ந்துவிட்டது. செராமிக்கின்மேல் செராமிக் போடலாம் என்கிறார் மருத்துவர். கூகுளில் தேடினால் "கீச்சு கீச்சென்று சத்தம் போடும்", "உடைந்துவிடும்" என்றெல்லாம் வருகிறது. என் வயதுக்கு எது?

கதிர்_உலோகவியல் | செவ்வாய், மதியம் 12:40

தம்பி, உங்கள் வயதில் கேள்வியே வேறு. 70 வயதுக்குமேல் மூட்டு மாற்றியவர்களில் வாழ்நாளில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படுவது நூறில் ஐந்து பேருக்குத்தான். 50-களின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்களுக்கு அது 35 வரை போகிறது. 2017-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு. உங்களுக்கு இன்னும் அதிக வருடங்கள் தாண்ட வேண்டியிருக்கிறது, ஆகவே தேய்மானம் குறைந்த ஜோடி முக்கியம்.

செராமிக் ஜோடியில் தேய்மானம் மிக மிகக் குறைவு, அந்தத் தூளும் உடம்பைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. கீச்சொலி சிலருக்கு வருவது உண்மை. பெரும்பாலும் கோப்பையின் சாய்வு பிசகி விளிம்பில் பாரம் ஏறும்போது. உடைவது இப்போது அபூர்வம். ஆனால் உடைந்தால் சிக்கல், கண்ணாடித் தூள் போன்ற சில்லுகளை முழுக்க எடுக்க முடியாது. இன்று அதிகம் பயன்படும் இளஞ்சிவப்பு நிறச் செராமிக், அலுமினாவுக்குள் சிர்கோனியாவைக் கலந்து உறுதிப்படுத்தியது.

செராமிக்கிலும் ஒரு எக்ஸிடர் கதை உண்டு. பிரான்சில் ஒரு நிறுவனம் சிர்கோனியா உருண்டை செய்துவந்தது. வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. சுடும் உலையை மட்டும், ஒரு தொகுதியாக வைத்துச் சுடும் உலையிலிருந்து, வரிசையாக நகர்த்திச் சுடும் சுரங்க வடிவ உலைக்கு மாற்றினார்கள். உருண்டைகள் உடைய ஆரம்பித்தன, 2001-ல் திரும்பப் பெற்றார்கள். புதிய "சற்றே மேம்படுத்திய" மாடல் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைப்பேன்.

செராமிக் உருண்டை, குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் லைனர் என்ற ஜோடியையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். சாய்வு கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும், கீச்சொலி இல்லை, லைனர் உடைந்து சில்லாகும் பயமும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதன் பக்கம்தான் சாய்வேன்.

ஈசூன்மலர் | செவ்வாய், இரவு 9:50

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கதிர் அண்ணா, லைனர் நீங்கள் சொன்ன வகைதான், இன்று தொலைபேசியில் கேட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி. மாமாவுக்கு 36 மி.மீ. உருண்டை, பெரிதாக இருந்தால் மூட்டு நழுவாது என்கிறார். அம்மா வீட்டில் பூசைக்குத் தரையில் உட்காருகிறவர். அதோடு அவருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் கம்பி வைத்து எலும்புகளை இணைத்திருக்கிறார்கள், ரொம்ப வருடமாகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று இடுப்பு மருத்துவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_தாதி | செவ்வாய், இரவு 10:22

மலர், சம்பந்தம் இருக்கிறது! நாளைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கோப்பைக்கு வழி விடும். முதுகை இணைத்தவர்களுக்கு அந்தச் சாய்வு நடக்காது, தொடை எலும்பு கோப்பையின் விளிம்பில் முட்டி உருண்டை பின்னால் நழுவும். இணைத்த முதுகு உள்ளவர்களுக்கு நழுவும் அபாயம் மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். உட்கார்ந்தும் நின்றும் எக்ஸ்ரே எடுத்து, கோப்பையின் கோணத்தை மாற்றித் திட்டமிடுவார்கள்.

உருண்டை பெரிதானால் நழுவ அதிக தூரம் வெளியே வர வேண்டும், மாமா சொல்வதில் அந்த அளவு உண்மை உண்டு. ஆனால் நம்ம ஊர்ப் பாட்டிகளின் இடுப்புக் குழி சிறியது. சிறிய கோப்பைக்குள் 36-ஐத் திணித்தால் லைனர் மெலிந்துபோகும். பல வகைகளில் அந்த அளவே கிடைக்காது. உங்கள் மருத்துவர் 32 என்று சொன்னது அதனால்தான் இருக்கும்.

இரட்டை அசைவு என்று ஒரு வகை இருக்கிறது. சிறிய உருண்டை ஒரு பிளாஸ்டிக் உருண்டைக்குள் சுழலும், அந்தப் பிளாஸ்டிக் உருண்டை முழுசாக வழவழப்பான உலோகக் கோப்பைக்குள் சுழலும். 1970-களில் பிரான்சில் ஜில் புஸ்கே என்ற மருத்துவர் உருவாக்கியது. நழுவுவது நன்றாகக் குறைகிறது. முதுகு இணைத்தவர்களுக்கு இதைப் போடலாமா என்று மருத்துவர்களே யோசிப்பார்கள். இதுதான் வேண்டும் என்று கேட்காதீர்கள், "முதுகு இணைத்திருப்பதால் திட்டம் மாறுமா?" என்று கேளுங்கள், அவர் சொல்வார்.

தரையில் சம்மணமிடுவதை அம்மா விட வேண்டியிருக்கும். பூசைக்கு உயரமான நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கழிப்பறையில் கைப்பிடியும், இருக்கையை உயர்த்தும் சாதனமும் அறுவை சிகிச்சைக்கு முன்பே பொருத்துங்கள்.

ஜூரோங்_பாண்டி | புதன், காலை 7:05

கதிர், அந்தப் பத்து டிகிரி விஷயம் மனதில் நிற்கிறது. நல்ல கை, தாங்கும் மூட்டு இரண்டும் வேண்டும் என்று சொல்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். தம்பிக்கு என்ன போட்டார்கள் என்று இப்போது எப்படித் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற_தாதி | புதன், காலை 9:40

பாண்டி தம்பி, இம்பிளாண்ட் பெட்டியிலிருந்து ஒட்டுச்சீட்டுகளை உரித்து அறுவைப் பதிவேட்டில் ஒட்டுவது எங்கள் வேலை. ஒவ்வொன்றிலும் நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண் இருக்கும். மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் உங்கள் தம்பியே விண்ணப்பித்தால் அறிக்கையின் நகல் கிடைக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்றாவது ஒரு மாடலைத் திரும்பப் பெறுவதாகச் சுகாதார அறிவியல் ஆணையமோ மருத்துவமனையோ அறிவித்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.

அவனை எக்ஸ்ரேக்கும் அனுப்புங்கள். எலும்பு கரைவது பல நாள் வலிக்காது, படத்தில்தான் முதலில் தெரியும்.

மலர், செலவு பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியில் இம்பிளாண்டுக்கென்று தனி வரம்பு உண்டு. இரட்டை அசைவு வகைக்கு மாறினால் அந்த வரம்புக்குள் வருமா என்று மருத்துவமனை நிதி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பரிசோதனைக்குப் போகும்போது பழைய முதுகு அறுவை சிகிச்சையின் அறிக்கை, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அம்மாவின் பல்லையும் அதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். பல்லில் சீழ் இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள்.